வரலாற்றுப் புத்தகத்தை பரீட்சைக்கு இல்லாம ருசிக்காக படிக்கிறவங்க நம்ம பக்கம் யாரெல்லாம் இருக்கீங்க?

தங்கச்சிமடம் ஐஸ்கம்பெனி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா கேக்கணும்னு நெனச்சிட்டே இருந்தது. நான் ஐஸ் கம்பெனியில கணக்கு பாக்குறவன். தடைக்காலம் வந்துட்டா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாளு விசைப்படகெல்லாம் கரையில கெடக்கும், ஐஸ் எடுக்க ஆளு வராது, பேரேட்டுல எழுத ஒண்ணும் இருக்காது. போன தடைக்காலத்துல சும்மா உக்காந்திருக்க மாட்டாம தெரிஞ்சவர் வீட்டு அலமாரில இருந்து மார்க்கோ போலோ பயணப் புத்தகத்தை எடுத்துட்டு வந்தேன். சீனா கதைன்னு நெனச்சுத்தான் எடுத்தேன். புரட்டிட்டே போனா நம்ம மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு வருது!

1290கள்ல இந்தப் பக்கம் வந்த ஆளு. ஏப்ரல் தொடக்கத்துல இருந்து மே பாதி வரைக்கும்தான் முத்து எடுப்பாங்க, பெரிய கப்பலை நங்கூரம் போட்டுட்டு சின்னப் படகுல ஏறிப் போயி நாலு பாகத்துல இருந்து பன்னெண்டு பாகம் ஆழம் வரை (ஒரு பாகம்னா ஆறடி) முங்குவாங்கன்னு எழுதியிருக்காரு. எடுத்ததுல ராஜாவுக்கு பத்துல ஒரு பங்கு. அப்புறம் பெரிய மீனு முங்குற ஆளைக் கடிக்காம இருக்க மந்திரம் போடுறவங்களுக்கு இருபதுல ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தானாம், ராத்திரி அவிழ்த்து விட்ருவாங்களாம், இல்லாட்டி எவனாவது இருட்டுல போயி திருடி முங்கிருவான்ல. இதைப் படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துருச்சு. ஏப்ரல்னா வாடைக்காத்து ஓஞ்சு கச்சான் காத்து இன்னும் ஏறாத நேரம், தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கும்னு எங்க அப்பா சின்ன வயசுல இருந்து சொல்லுவாரு. அதே மாசத்தை 700 வருசத்துக்கு முன்னாடி வெனிஸ்காரர் ஒருத்தர் எழுதி வச்சிருக்காரு.

பள்ளிக்கூடத்துல வரலாறுன்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும். இப்ப ராத்திரி பன்னெண்டு மணி வரை படிக்கிறேன். வீட்ல "இதப் படிச்சு என்ன செய்யப் போறீக"ன்னு கேக்குறாங்க, பதில் சொல்லத் தெரியல. உங்கள்ல யாருக்கும் இப்படி ஆயிருக்கா, நீங்க எதைப் படிக்கிறீங்க?

உச்சிப்புளி வாத்தியார்

தம்பி, 31 வருசம் சமூக அறிவியல் எடுத்தவன் நான். நீங்க சொன்ன வயித்துக் கலக்கலுக்கு நாங்களும் ஒரு காரணம்தான், அதை ஒத்துக்கிறேன். பாடத்துல ராஜா பேரு, வருசம், போர், ஏரி வெட்டினாரு, குளம் வெட்டினாரு, அவ்வளவுதான் கொடுக்க முடிஞ்சது, பீரியடு 40 நிமிசம், பிள்ளைங்க 60 பேரு. ரிட்டயர் ஆனப்புறம்தான் நானே ருசிச்சுப் படிக்க ஆரம்பிச்சேன்.

எனக்குப் பிடிச்சது செப்பேடு, ராஜா நிலம் தானம் கொடுத்ததை வெட்டி வச்ச செப்புத் தகடு. நம்ம ராமநாதபுரம் டாக்டர் எஸ்.எம். கமால் சேதுபதி மன்னர்களோட செப்பேடுகளைத் தேடித் தொகுத்து விளக்கம் எழுதியிருக்காரு. அவர் நூல்கள் நாட்டுடைமை ஆயிருச்சு, விக்கிமூலத்துல நெறைய காசில்லாம கெடைக்குது. செப்பேடுன்னதும் பயந்துராதீங்க. தொடக்கத்துல பக்கம் பக்கமா விருது வரும், சேதுகாவலன், ரவிகுல சேகரன், கண்டநாடு கொண்டு கொண்டநாடு கொடாதான்னு. அந்தக் கடைசி விருதை ஒரு தடவை சத்தமா வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க, நாக்குக்கே தனி சந்தோசம். அப்புறம் நிலத்தோட எல்லை வரும். கெழக்கே இன்ன ஊரணி, தெக்கே இன்ன பனை, மேக்கே இன்ன ஊருக்குப் போற பாதைன்னு. நான் அந்தப் பேரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சிக்கிட்டு டிவிஎஸ்ஸை எடுத்துட்டுப் போயி எதெது இன்னும் இருக்குன்னு பாத்துட்டு வருவேன். திருப்புல்லாணி பக்கம் ஒரு ஊரணி, செப்பேட்டுல உள்ள அதே பேருல இன்னும் தண்ணியோட கெடக்கு, பொம்பளைக குடத்தோட நிக்கிறாங்க. ஒரு அரைமணி நேரம் கரையில உக்காந்துட்டு வந்தேன்.

கடைசில சாபம் வரும். இந்த தர்மத்துக்குக் கெடுதல் செய்றவன் கெங்கைக் கரையில காராம்பசுவைக் கொன்ன தோசத்துல போவான்னு. அந்த வரி வந்தாத்தான் எனக்கு ஒரு செப்பேடு படிச்சு முடிச்ச நிறைவு.

தேவிபட்டினம் குரூப்ஃபோர்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் மூணு வருசமா டிஎன்பிஎஸ்சி படிக்கிறேன். 1910ல ராமநாதபுரம் ஜில்லா உருவாச்சு, 1985ல மூணாப் பிரிச்சாங்க, பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 திறந்தது, எல்லாம் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், ஆனா ஒண்ணுகூட மனசுல ஒட்டல. உண்மையக் கேட்டா எனக்கு சரித்திர நாவல்தான் இழுக்குது. குதிரை, ஒற்றன், சுரங்கப்பாதைன்னு சரசரன்னு போகும். அதுலயே சோழன் பாண்டியன் எல்லாம் வந்துர்றாங்களே, அப்புறம் எதுக்கு நெஜ வரலாறுன்னு தனியா மெனக்கெடணும்? தப்பா எடுத்துக்காதீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன்.

தொண்டிக்காரன் தோஹாவிலிருந்து

தம்பி நல்ல கேள்வி கேட்டீங்க. நானும் நாவல்ல இருந்து வந்தவன்தான், அதைக் கொறையா சொல்ல மாட்டேன். ஆனா நாவல்ல அடுத்து என்ன நடக்கணும்னு எழுதுறவர் முடிவு பண்றாரு. நெஜத்துல யாரும் முடிவு பண்ணல, அதனால யோசிச்சே பாக்க முடியாதது நடக்கும்.

ஒண்ணு சொல்றேன். இபின் பதூதா, மொராக்கோக்காரர், 1340கள்ல நம்ம கரைக்கு வந்தாரு. அப்ப மதுரையில சுல்தான் ஆட்சி. அந்த சுல்தானும் பதூதாவும் அக்கா தங்கச்சியைக் கட்டினவங்க, சகலை முறை. சரி ராஜமரியாதை, விருந்துன்னு போகும்னு பாத்தா, சுல்தான் பிடிபட்ட ஜனங்களைக் கொல்ற கொடுமையைப் பாத்து இந்த மனுசன் மனசு நொந்து எழுதுறாரு, தன் சொந்தக்காரன் என்கிறதுக்காக மறைக்கல. அப்புறம் மதுரையில கொள்ளைநோய். பிடிச்சா மறுநாளோ மூணாம் நாளோ சாவு. பதூதாவுக்கும் சாகுற அளவுக்குக் காய்ச்சல் வந்துருச்சு. எப்படிப் பொழைச்சாரு தெரியுமா? புளியைக் கரைச்சுக் குடிச்சாரு! ஒரு ராத்தல் அளவுக்குப் புளியைத் தண்ணியில போட்டுக் குடிச்சு, மூணு நாளு வயித்தால போயி, காய்ச்சல் விட்ருச்சுன்னு அவரே எழுதியிருக்காரு. ஆயிரக்கணக்கான மைலு சுத்தின மனுசன் கடைசில நம்ம ஊரு புளித்தண்ணியில பொழைச்சிருக்காரு. இங்க கேம்ப்ல ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து இதைப் படிச்சப்ப ரூம்ல இருந்த ஆறு பேரையும் எழுப்பி வாசிச்சுக் காட்டினேன். திட்டினாங்க, ஆனா கேட்டாங்க. மறுநாள் அவங்களே "அந்தப் பயணக்காரர் அப்புறம் என்ன ஆனாரு"ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. 1736ல தொடங்கி 1761 வரை, பாண்டிச்சேரியில பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்கு துபாஷா, அதாவது மொழிபெயர்ப்பாளரா இருந்தவர் எழுதினது. நாம பேசுற மாதிரியே ஒரு வாக்கியம் தொடங்கினா முடியாமப் போயிட்டே இருக்கும். எந்தக் கப்பல் வந்துச்சு, எத்தனை பீரங்கி போட்டாங்க, யாரு யாரைப் பாக்கப் போனாங்க, யாரு மொகம் வாடியிருந்துச்சு, எல்லாம் வரும். யுத்தமும் வரும், அதே நாளு வீட்டுக் கல்யாணப் பேச்சும் வரும். நம்ம வாழ்க்கையும் அப்படித்தானே போகுது.

கீழக்கரை லாத்தா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் எழுதுறது இதான் முதல் தடவை.

எங்க வாப்பாவுடைய வாப்பா சங்கு குளிச்சவங்க. வீட்டு மாடத்துல அவங்க வச்சிட்டுப் போன ரெண்டு பால்சங்கு இருக்கு, மேல் தோல் உரிக்காதது, பழுப்பு நிறத்துல சொரசொரன்னு. சின்னப் பிள்ளையில காதுல வச்சுக் கேட்டதோட சரி. கல்யாணமாகி பிள்ளைங்க பெரிசானப்புறம்தான் ஜேம்ஸ் ஹார்னெல்னு மெட்ராஸ் மீன்வளத்துறையில இருந்த ஒரு வெள்ளைக்காரர் 1914ல சங்கைப் பத்தி மட்டும் ஒரு முழு புத்தகம் எழுதியிருக்காருன்னு தெரிஞ்சது. மகன் டவுன்லோடு பண்ணிக் கொடுத்தான். இங்கிலீஷ் எனக்கு பத்தாவதோட நின்னது, டிக்ஷனரியை வச்சிக்கிட்டு ஒரு நாளைக்கு ஒரு பக்கம், சில நாளு அரைப் பக்கம். நோன்புக்கு முன்னாடி தொடங்கினது, ஹஜ் பெருநாள் தாண்டியும் போச்சு.

நம்ம கடல்ல எடுக்குற சங்கு வங்காளத்துக்குப் போகும், டாக்காவுல அதை அறுத்து வளையல் ஆக்குவாங்கன்னு அதுல வருது. அரைவட்டமா ஒரு பெரிய வாளு, பிடி ரெண்டு பக்கமும் இருக்கும், ஆளு தரையில உக்காந்து காலால சங்கை அண்டக் கொடுத்து அறுக்கணும். அந்தப் படத்தைப் பாத்துட்டு மாடத்துச் சங்கை எடுத்து கையில வச்சுப் பாத்தேன். இந்தக் கல்லு மாதிரி சாமானை அறுத்து, அது ஒரு வங்காளத்துப் பொண்ணு கையில கல்யாண வளையலாப் போயிருக்கணும். எங்க வாப்பாவுடைய வாப்பா மூச்சடக்கி எடுத்ததுல எத்தனை சங்கு எத்தனை பொண்ணு கையில போச்சோ. அன்னைக்கு சமைக்கவே பிடிக்கல எனக்கு, அதே நெனப்பு.

ஐஸ்கம்பெனி தம்பிக்கு ஒரு விசயம். அந்த சுறா மந்திரக்காரங்களுக்கு நம்ம தமிழ்லயே பேரு இருந்துருக்கு, கடல்கட்டி. கடலைக் கட்டிப் போடுறவங்க. வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்புலயும் அவங்க இருந்தாங்க, சர்க்காரே சம்பளம் கொடுத்து வச்சிருந்தாங்க. அந்தக் குடும்பம் பின்னாடி கிறிஸ்தவங்களா ஆயிட்டாங்க, ஆனா வேலை மட்டும் அப்படியே பரம்பரையா வந்துச்சு. கடல்கட்டி இல்லாம முங்குறவங்க தண்ணியில எறங்க மாட்டாங்களாம்.

தங்கச்சிமடம் ஐஸ்கம்பெனி

லாத்தா, கடல்கட்டி!! அப்பாகிட்ட கேக்குறேன் இன்னைக்கே. ரொம்ப நன்றி.

மறத்தமிழன் முதுகுளத்தூர்

நல்ல இழை. ஆனா வெள்ளைக்காரனும் வெனிஸ்காரனும் எழுதினதையே ஏன் தூக்கிப் பிடிக்கிறீங்க? நம்ம முன்னோர் பெருமையை நாம படிக்கணும். கிழவன் சேதுபதி மாதிரி ஒரு மன்னர் இந்த மண்ணுல உண்டா? நான் வரலாறு படிக்கிறதே எங்க ஆளுங்க யாருன்னு தெரிஞ்சுக்கத்தான். பெருமை வராத வரலாற்றைப் படிச்சு என்ன?

உச்சிப்புளி வாத்தியார்

தம்பி, பெருமைப்படுங்க, தப்பே இல்ல. கிழவன் சேதுபதி பெரிய ஆளுதான். போகலூர்ல இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டு வந்தவர், கீழக்கரை சீதக்காதி வள்ளலோட அத்தனை நெருக்கமா இருந்தவர். அதே சீதக்காதிதான் உமறுப்புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர். ஒரு மறவர் அரசரும் ஒரு மரக்காயர் வள்ளலும் ஒரு தமிழ்க் காப்பியமும் ஒரே காலத்துல இந்தச் சின்ன சீமையில இருந்திருக்கு.

ஆனா அதே கிழவன் சேதுபதி ஆட்சியிலதான் 1693 பிப்ரவரி 4ந்தேதி ஓரியூர்ல அருளானந்தர்ங்கிற கிறிஸ்தவப் பாதிரியார் (ஜான் டி பிரிட்டோ) தலையை வெட்டினாங்க. இன்னைக்கும் ஓரியூர் செம்மண்ணை ஜனங்க எடுத்துட்டுப் போறாங்க. பெருமைக்காக மட்டும் படிச்சா இந்தப் பக்கத்தை நீங்க தாண்டிப் போயிருவீங்க. ஓரியூருக்காக மட்டும் படிக்கிறவர் சீதக்காதியைத் தாண்டிப் போயிருவாரு. ரெண்டையும் ஒரே மனுசன் செஞ்சான்னு வச்சுப் படிக்கிறப்பதான் அந்த ஆளு ரத்தமும் சதையுமா எந்திரிச்சு வர்றான், ஏன் செஞ்சான், யாரு தூண்டினா, அரண்மனைக்குள்ள என்ன நடந்துச்சுன்னு நமக்கு நிக்காமத் தேடத் தோணும். எனக்கு அதுதான் ருசி. நீங்க ஓரியூருக்கு ஒருதடவை போயிட்டு வாங்க, முதுகுளத்தூர்ல இருந்து தூரம்தான், ஆனா போங்க.

மறத்தமிழன் முதுகுளத்தூர்

ஓரியூர் விசயம் கேள்விப்பட்டிருக்கேன், முழுசா படிச்சதில்ல ஐயா. படிக்கிறேன்.

பாம்பன் பேத்தி

எல்லாரும் சந்தோசமா எழுதுறீங்க, எனக்கு கொஞ்சம் உறுத்தலா இருக்கு. வரலாற்றை ரசிச்சுப் படிக்கிறதுன்னு சொல்றப்ப, அதுல செத்தவங்களும் இருக்காங்கல்ல.

எங்க அப்பத்தா தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல்ல அவங்க தங்கச்சியும் தங்கச்சி பிள்ளைங்க ரெண்டும் போயிட்டாங்க. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலு அப்படியே கடலுக்குள்ள போச்சு, நூத்துக்கும் மேல ஜனம். அதைப் பத்தி யாராவது எழுதினது கையில கெடைச்சா நான் மூடி வச்சிருவேன். இப்ப டூரிஸ்ட் ஜீப்புல போறவங்க இடிஞ்ச சர்ச்சு முன்னாடி நின்னு போட்டோ எடுக்குறதைப் பாத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனா போன வருசம் ஒண்ணு நடந்துச்சு. புயலுக்கு முந்தின தனுஷ்கோடியைப் பத்தின ஒரு கட்டுரையை மட்டும் படிச்சேன். எழும்பூர்ல ஒரே டிக்கெட்டு எடுத்தா கொழும்பு வரைக்கும் போகலாம், போட் மெயில்ல தனுஷ்கோடி வந்து, கப்பல்ல தலைமன்னார், அங்கிருந்து மறுபடி ரயிலு. தனுஷ்கோடியில ஸ்டேசன், துறைமுகம், கஸ்டம்ஸ், தபாலாபீஸ், பள்ளிக்கூடம் எல்லாம். நான் அப்பத்தாவுக்கு அதை வாசிச்சுக் காட்டினேன், பயந்து பயந்துதான். அவங்க அழல. "கப்பல் வர்ற நாளு இட்லி நெறைய சுடுவோம்"ன்னாங்க. கப்பல்காரங்களுக்கு விக்கிறதுக்கு எத்தனை படி அரிசி போடுவாங்க, எந்தத் திண்ணையில வச்சு விப்பாங்க, அவங்க தங்கச்சி சில்லறையை முந்தியில எப்படி முடிவாங்கன்னு ஒரு மணி நேரம் பேசினாங்க. 60 வருசமா அந்தத் தங்கச்சி எங்க வீட்ல புயல்ல செத்தவ மட்டும்தான். அன்னைக்குத்தான் அவ இட்லி வித்தவ, சில்லறையில கெட்டின்னு எனக்குத் தெரிஞ்சுச்சு.

அதனால நான் இப்ப அழிவைப் பத்தி படிக்கிறதில்ல, அழியிறதுக்கு முந்தின நாளுகளைப் பத்திப் படிக்கிறேன். இதை ரசனைன்னு சொல்லலாமான்னு தெரியல.

கீழக்கரை லாத்தா

சொல்லலாம் தங்கச்சி. கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்பத்தா சொல்றதை எல்லாம் போன்ல ரெக்கார்டு பண்ணி வைங்க, இன்னைக்கே.

அழகன்குளம் மேட்டுத்தெரு

எங்க ஊரைப் பத்தி யாரும் எழுதலையேன்னு வந்தேன். வைகை கடல்ல சேர்ற எடம், கோட்டைமேடுன்னு சொல்லுவோம். 1980கள்ல இருந்து தொல்லியல் துறை பல தடவை தோண்டியிருக்காங்க, கடைசியா 2016-17ல. ரோமக் காசு, மதுச்சாடி ஓடு, உள்பக்கம் வட்டம் வட்டமா கோடு போட்ட தட்டு, எல்லாம் எடுத்தாங்க. ஒரு ஓட்டுல கப்பல் படம் கீறியிருக்கு.

அந்தக் கப்பல் படத்தை நான் புத்தகத்துலதான் பாத்தேன், எங்க ஊருல எடுத்ததை! சின்ன வயசுல மழை பெஞ்சு விட்டா மேட்டுல கருப்பும் செவப்புமா ஓடு மினுமினுன்னு கெடக்கும், அதை வச்சு பாண்டி ஆடியிருக்கோம். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் செவப்பு, ஒடஞ்ச வெளிம்பு அவ்வளவு மெலிசு. வீட்ல ஒண்ணு பழைய சாக்கு மூட்டைக்குள்ள இருந்துச்சு. இந்த ஓட்டுல யாரோ சோறு தின்னிருக்காங்கன்னு படிச்சப்புறம்தான் புரிஞ்சது. பெரியபட்டினத்துலயும் சீனப் பீங்கான் ஓடு எடுத்திருக்காங்க, நொபோரு கராஷிமான்னு ஜப்பான் அறிஞர் அங்க வந்து ஆராய்ச்சி பண்ணினவர்.

உச்சிப்புளி வாத்தியார்

அந்த ஓட்டை வீட்ல வச்சிருக்க வேணாம் தம்பி, ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில தொல்லியல் துறை அகழ்வைப்பகம் இருக்கு, எந்த எடத்துல கெடைச்சதுன்னு எழுதிக் கொண்டு போயி கொடுத்துருங்க. எடம் தெரியாத ஓடு வெறும் ஓடுதான். அப்படியே அங்க சுவத்து ஓவியத்தையும் ஒரு பகல் முழுக்க பாருங்க.

தேவிபட்டினம் குரூப்ஃபோர்

எல்லாத்தையும் படிச்சேன். நாவல் கேள்வியை வாபஸ் வாங்கல, நாவலும் படிப்பேன். ஆனா எங்க ஊரு நவபாஷாணக் கோயிலுக்குப் போற வழியில தெனம் டீ குடிக்கிற எனக்கு எங்க ஊரு பழைய துறைமுகம்னே தெரியாது, குரூப்ஃபோர்ல கேக்க மாட்டாங்கல்ல. எங்க தொடங்கணும்னு ஒருத்தராவது சொல்லுங்க, பெரிய தலகாணி புக்கெல்லாம் ஆகாது.

தொண்டிக்காரன் தோஹாவிலிருந்து

நான் செய்றதைச் சொல்றேன். முதல் பக்கத்துல தொடங்க மாட்டேன். கடைசில பெயர் அட்டவணை இருந்தா அதுல என் ஊரு, பக்கத்து ஊரு, எனக்குத் தெரிஞ்ச சாமான் எதாவது இருக்கான்னு தேடுவேன். தொண்டி, குதிரை, உப்பு, கருவாடு, எதுவானாலும். அந்தப் பக்கத்தை முதல்ல படிப்பேன். குதிரைன்னு போனீங்கன்னா மார்க்கோ போலோ ஒரு கூத்து சொல்லுவாரு, பாண்டிய ராஜா வருசத்துக்கு ரெண்டாயிரத்துக்கு மேல குதிரை கடல் வழியா வாங்குவாராம், வருசக் கடைசில நூறு கூட உசிரோட மிஞ்சாதாம், வளக்கத் தெரியாம கறியும் சோறும் ஆக்கிப் போட்டுக் கொன்னுருவாங்களாம். அது நெஜமா, அவருக்கு யாரும் கதை விட்டாங்களான்னு தேட ஆரம்பிச்சீங்கன்னா அடுத்த புக்கு தானா கைக்கு வரும். பக்கத்துல மேப் ஒண்ணு விரிச்சு வச்சுக்குங்க. புடிக்கலைன்னா மூடிருங்க, யாரும் மார்க் போடப் போறதில்ல.

தங்கச்சிமடம் ஐஸ்கம்பெனி

நாலு நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். லாத்தா சொன்ன கடல்கட்டி விசயத்தை அப்பாகிட்ட கேட்டேன். கரையில வலை பொத்திட்டு இருந்தாரு. மார்க்கோ போலோ அத்தியாயத்தையே முழுசா வாசிச்சுக் காட்டினேன். ஊசியைக் கீழ வைக்காமயே கேட்டாரு. பன்னெண்டு பாகம்னதும் "கையில கல்லைக் கட்டிட்டா?"ன்னாரு. ராஜாவுக்கு பத்துல ஒண்ணுன்னதும் பேசாம மனசுக்குள்ள கணக்குப் போட்டாரு, "பரவாயில்லையே, இப்ப டீசலுக்கே பாதி போகுது"ன்னாரு.

மந்திரத்துக்கு வந்தப்ப ஊசியை வச்சுட்டாரு. "மந்திரத்துக்கு ஒதுங்கல. அத்தனை படகு, அத்தனை ஆளு முங்கி எந்திரிச்சா அந்த சத்தத்துக்கே சுறா ஒதுங்கிரும். ஆனா கடல்கட்டி கரையில நிக்கான்னு நெனப்பு இருந்தாத்தான் முங்குறவனுக்கு மூச்சு தாங்கும்"னாரு. இதை நான் எங்கயும் படிக்கல, ஆனா அதுக்கப்புறம் அந்த வரியை மறுபடி படிக்கிறப்ப வேற மாதிரி இருக்கு. இப்ப தெனம் சாயங்காலம் "அந்தாளு வேற என்ன எழுதியிருக்கான்"ன்னு அவரே கேக்குறாரு. போலோ தீரப் போகுது. பதூதா தமிழ்ல யார்கிட்டயாவது இருந்தா ஒரு மாசம் கொடுங்க, பத்திரமா திருப்பித் தர்றேன்.

தொண்டிக்காரன் தோஹாவிலிருந்து

என் காப்பி தொண்டி வீட்லதான் கெடக்கு. தம்பிகிட்ட சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை காலையில ராமேஸ்வரம் பஸ்ல கண்டக்டர்கிட்ட கொடுத்து விடுவான், தங்கச்சிமடம் ஸ்டாப்புல வாங்கிக்குங்க. பழைய பேப்பர்ல சுத்தி இருக்கும். புளித்தண்ணி வர்ற பக்கத்துல ஒரு பெட்ரோல் பில்லு வச்சிருப்பேன், அப்பாவுக்கு அதை முதல்ல வாசிங்க.

பாம்பன் பேத்தி

ஐஸ்கம்பெனி அண்ணே, நீங்க முடிச்சதும் எனக்கு. அப்பத்தா காத்திருக்காங்க.